இருபத்துநான்காம் பாடம்

ஒரு கிழமையில் பாக்கியரத்தினத்துக்கு இரண்டு நாட்கள்தான் இருந்தன. செவ்வாய், வெள்ளி. மற்ற ஐந்தும் வந்து போயின, அவ்வளவுதான்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு உவர்மலை வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்குவாள். பஸ் நிலையத்தைக் கடந்து, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குப் போய் விடைத்தாள் கட்டை வாங்கி வருவாள். வெள்ளி காலை திருத்தியதைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கணவர் அருமைநாயகம் இறந்த மறு வருடம் தொடங்கியது. பதினொரு வருடமாகிவிட்டது.

அந்த அறை ஒரு தபால்வழிப் பாட நிலையம். ஆதித் திருச்சபையின் வரலாறு, இருபத்துநான்கு பாடங்கள். யாரும் சேரலாம், எந்தச் சமயத்தவரும் சேரலாம். ஒரு பாடம் தபாலில் போகும், கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பினால் அடுத்தது வரும். நூற்றுக்கு அறுபது புள்ளி எடுக்க வேண்டும். குறைந்தால் அதே பாடத்தை மறுபடி எழுத வேண்டும். இருபத்துநான்கும் முடிந்தால் பொன்னிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழ் வரும். அதோடு சரி.

விடைத்தாளில் பெயர் இருக்காது, மாணவர் எண் மட்டுமே இருக்கும். விலாசமெல்லாம் எழுதுவினைஞர் லோஜினியின் அலுமாரிக்குள். திருத்துகிறவர்களுக்கும் பெயர் இல்லை. பாக்கியரத்தினம் 'திருத்துநர் 4'. தாளின் அடியில் ஒரே ஒரு வரி எழுதலாம்: 'நன்று', 'இன்னும் முயல்க' என்பதுபோல. அதற்கு மேல் எழுதக்கூடாது என்பது நிலையத்தின் கண்டிப்பான விதி.

ஏன் அப்படி என்று அவள் ஒருமுறை கேட்டாள். லோஜினி முத்திரை ஒட்டிக்கொண்டே சொன்னாள். "முந்தி இருந்த ரெண்டாம் நம்பர், பேப்பர் திருத்தித் திருத்தி ஒரு மாணவியைக் கலியாணம் கட்டி மட்டக்களப்புக்குப் போயிட்டார் அன்ரி. எங்களுக்கு ஒரு திருத்துநரும் நட்டம், ஒரு மாணவியும் நட்டம்."

பாக்கியரத்தினம் சிரித்தாள். அவளுக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. பிள்ளை இல்லை. தம்பலகாமத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவ வேதக்கார மாப்பிள்ளையைக் கட்டியவள். கட்டிய அன்றோடு அவளுடைய வீட்டார் அவளோடு கதைபேச்சை நிறுத்தினார்கள். அவருடைய வீட்டார் கதையைத் தொடங்கவே இல்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மட்டுமாக முப்பது வருடம் வாழ்ந்தார்கள். அவர் போன பிறகு அந்த வீட்டில் குசினிக் குழாய் சொட்டுகிற சத்தத்துக்குப் போட்டியாக வேறு சத்தமே இருக்கவில்லை.

அந்த வீட்டுக்குள்தான் 417 வந்தார்.

வந்ததே ஒரு விபத்தினால். ஊருக்குள் ஆடுமாடுபோலத் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று பஸ் நிலையத்தடியில் அவளுடைய பைக்குள் தலையை விட்டு, கட்டின் மேல்தாளைக் கடித்து இழுத்துவிட்டது. ஊர் மான்களுக்கு வாழைப்பழத் தோலும் ஒன்றுதான், பரீட்சைத் தாளும் ஒன்றுதான். 417இன் முதற்பாட விடைத்தாளில் நான்காம் கேள்வி முழுவதும் மானின் வயிற்றுக்குள் போயிற்று. வேறு வழியில்லாமல் அவள் அந்த ஒரு வரியில் உண்மையை எழுதினாள். 'நான்காம் விடையை மான் சாப்பிட்டுவிட்டது, தயவுசெய்து மீண்டும் எழுதுக.'

இரண்டு கிழமையில் பதில் வந்தது. நான்காம் விடை ஒழுங்காக எழுதப்பட்டு, கீழே ஒரு கேள்வியும் இருந்தது: 'மானுக்கு எத்தனை புள்ளி போட்டீர்கள்?'

பாக்கியரத்தினம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு, யார் சிரித்தது என்பதுபோல வெறும் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு 417இன் தாள்களில் விடைகளுக்குக் கீழே எப்போதும் நாலைந்து வரிகள் இருந்தன. அவர் கிண்ணியாத் துறையில் பாலம் வருவதற்கு முன்பு, பஸ்ஸையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போன மிதவையில் வேலை செய்தவர் என்பது ஆறாம் பாடத்தில் தெரிந்தது. மனைவி இல்லை என்பது ஒன்பதாம் பாடத்தில். ஒருநாள் சமைத்து இரண்டு நாள் சாப்பிடுகிறவர் என்பது பத்தில். பதினான்காம் பாடம் அப்போஸ்தலர் பவுல் ஏறிப்போன கப்பல் புயலில் அகப்பட்ட கதை. மாலுமிகள் ஆழம் பார்த்து, பின்பக்கத்தில் நான்கு நங்கூரம் போட்டார்கள் என்று பாடத்தில் இருந்தது. 417 எழுதினார்: 'பின்பக்கம் போட்டவன் கெட்டிக்காரன். முன்பக்கம் போட்டிருந்தால் காற்று கப்பலைச் சுழற்றிக் கல்லில் அடித்திருக்கும். இதைப் பாடத்தில் விளங்கப்படுத்தவில்லை. எழுதியவர் கடலில் போனவர், அச்சடித்தவர் போகாதவர்.'

முதற்கிறிஸ்தவர்கள் ஏன் மீனை அடையாளமாக வைத்தார்கள் என்ற கேள்விக்குச் சரியான விடையை எழுதிவிட்டு, 'எங்கட பக்கத்தில் மீன் எண்டால் மீன்தான், இண்டைக்கு அதுவும் இல்லை, பருப்பு' என்று எழுதியிருந்தார்.

தனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு வரியைப் பாக்கியரத்தினம் மிகச் சிறிய எழுத்தில் எழுதப் பழகினாள். ஒரு வரிக்குள் முப்பது சொற்கள் அடங்கும். விதியும் மீறப்படவில்லை, பருப்புக்குக் கொஞ்சம் முருங்கையிலை போட்டால் நல்லது என்ற செய்தியும் போய்ச் சேர்ந்தது. லோஜினி உறையை ஒட்டுமுன் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, "அன்ரி, நீங்கள் பேப்பர் திருத்துறியளோ, காயிதம் எழுதுறியளோ?" என்று கேட்டாள். பாக்கியரத்தினம் கைப்பையைத் திறந்து மூடினாள்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அவர் முகம் அவளுக்குத் தெரியாது, பெயர் தெரியாது. ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் கட்டை அவிழ்க்கும்போது, சாய்ந்த அந்த நீல எழுத்து இருக்கிறதா என்று விரல்கள் முதலில் தேடின. இருந்தால் அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பாள். மற்ற எல்லாத் தாளையும் திருத்தி முடித்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அதை விரிப்பாள்.

பிறகு இருபத்துநான்காம் பாடம் வந்தது.

அது பாக்கியரத்தினத்துக்கு மிகவும் பிடித்த பாடம். உரோமாபுரியில் இருந்த சின்னக் கூட்டத்துக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் கடைசிப் பகுதி. அதில் பெரிய போதனை இல்லை, சுகம் விசாரிப்பு மட்டும்தான். கோயில் கட்டடம் இல்லாத காலம். ஒருவர் வீட்டில் கூடி, வந்த கடிதத்தைச் சத்தமாக வாசித்தார்கள். கெங்கிரேயா என்ற துறைமுக ஊரைச் சேர்ந்த பெபேயாள் என்ற பெண் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோயிருக்க வேண்டும். இன்னாரை விசாரித்ததாகச் சொல்லுங்கள், இன்னாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள். பெரும்பாலானவர்களைப் பற்றி வேறு எங்கும் ஒரு சொல்கூட இல்லை. ரூப்பு என்று ஒருவன். அவனுடைய தாய் தனக்கும் தாய் என்று பவுல் விசாரிக்கிறார். பிள்ளை பெறாத பாக்கியரத்தினம் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள்.

பாடத்தில் இருபது கேள்விகள். இருபத்தோராவது கேள்விக்குப் புள்ளி இல்லை. 'இந்தப் பட்டியலில் ஒருவரைச் சந்திக்கலாம் என்றால் யாரைச் சந்திப்பீர்கள்? ஏன்?'

417 என்ன எழுதியிருப்பார் என்று ஆவலோடு விரித்தாள்.

'பவுல் பிறந்த ஊர் எது?' என்பதற்கு எதிரே உள்ளூர்ப் பெயரான 'கந்தளாய்' என்றிருந்தது. 'கடிதத்தைக் கொண்டுசென்றவர் யார்?' 'தபால்காரர் றுவைஸ்.' 'உரோமாபுரியில் சபையார் எங்கே கூடினார்கள்?' 'பஸ் ஸ்ராண்டில.' இருபதில் பதினாறு பிழை. இருபத்தோராவது கேள்விக்கு எதிரே ஒன்றுமில்லை. கீழே வழக்கமாக இருக்கும் நாலைந்து வரிகளும் இல்லை.

வேறு எவராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். பாக்கியரத்தினத்தால் சிரிக்க முடியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு பயம் அவள் நெஞ்சில் கையை வைத்தது.

அருமைநாயகம் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கடைசி மூன்று வருடம் அவருக்கு நினைவு அழிந்துகொண்டே போயிற்று. கிளினிக்கில் டொக்டர் கேள்வி கேட்பார். இது எந்த ஊர்? 'பதுளை' என்பார். இன்று என்ன கிழமை? 'தைப்பொங்கல்' என்பார். சொல்லிவிட்டு, சரிதானே என்று மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் அவளால் உண்மை பேச முடியவில்லை. "ஓம், சரி" என்று தலையாட்டுவாள். பிழையான விடைக்கெல்லாம் சரி போட்டுத்தான் அவரை வழியனுப்பினாள்.

இப்போது 417இன் தாளிலும் அதே பதுளை, அதே தைப்பொங்கல்.

முதல்முறை இருபது புள்ளி போட்டு, மறுபடி எழுதும்படி அனுப்பினாள். இரண்டாம் முறை முப்பது. பவுல் இப்போது மூதூரில் பிறந்திருந்தார். மூன்றாம் முறை பதினைந்து. ஒவ்வொரு முறையும் கடைசிக் கேள்வி வெறுமையாகவே வந்தது. சுகமாக இருக்கிறீர்களா என்று அவள் தன் ஒரு வரியில் கேட்டதற்கும் பதில் இல்லை. ஒரு பனடோல் குளிசை எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லாமல், அக்கரையில் ஏதோ ஒரு வீட்டில், அந்த மனிதர் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள். தன்னுடைய சிவப்புப் பேனை அவரைத் திரும்பத் திரும்ப வெட்கப்படுத்துகிறது என்று நினைத்தாள்.

நான்காம் முறை வந்த தாளில் ஒரு விடைகூடச் சரியில்லை. பாக்கியரத்தினம் அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, இருபது பிழைகளுக்கும் பக்கத்தில் இருபது சரி போட்டாள். மேலே, நூறு போடத் துணியாமல், அறுபது என்று எழுதினாள். அடியில் ஒரே சொல் எழுதினாள்: 'நன்று.'

அந்த வெள்ளிக்கிழமை லோஜினி சான்றிதழை உறையில் போட்டு ஒட்டினாள்.

அடுத்த கட்டில் 417 இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் விரல்கள் தேடின. மூன்றாம் செவ்வாய் கட்டை அவிழ்த்தபோது, ஒரு தாளின் தலைப்பில் 417 என்று இருந்தது.  ஆனால் எழுத்து உருண்டையாக, பள்ளிப் பிள்ளையின் எழுத்தாக இருந்தது. முதலாம் பாடம்.

செவ்வாய்க்கிழமையே அவள் திரும்பவும் நிலையத்துக்கு ஓடினாள். ஒரே நாளில் இரண்டு தரம் போனது பதினொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"முடிச்சவையின்ர நம்பரைப் புது ஆளுக்குக் குடுக்கிறது வழமைதானே அன்ரி" என்றாள் லோஜினி. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள். "இருங்கோ. நீங்கள் போன பிறகு உங்களுக்கு ஒரு காயிதமும் வந்தது. வெள்ளிக்கிழமை தருவம் எண்டு வைச்சனான்."

உறைக்குள் இருந்து பொன்னிற ஓரம் போட்ட சான்றிதழ் வெளியே வந்தது. கூடவே சாய்ந்த நீல எழுத்தில் ஒரு தாள்.

'மதிப்புக்குரிய திருத்துநர் 4 அவர்களுக்கு. உங்களுக்குப் பெரிய பிழை நடந்துவிட்டது. நான் ஒன்றுக்குக்கூடச் சரியான விடை எழுதவில்லை. பவுல் தர்சுவில் பிறந்தவர் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் பெபேயாள் கொண்டுபோனதும் தெரியும், வீடுகளில் கூடியதும் தெரியும். இந்தப் பாடத்தோடு எல்லாம் முடிகிறது, சித்தியடைந்தால் பிறகு ஒன்றும் வராது என்று நிலையத்துப் பிள்ளை போனில் சொன்னவ. அதனால்தான் கந்தளாய் எழுதினேன். நீங்கள் என்னை இன்னும் ஒரு பத்துத் தரமாவது பெயிலாக்குவீர்கள் என்று நம்பியிருந்தேன். சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். தயவுசெய்து புள்ளியைக் குறைக்கவும்.'

பாக்கியரத்தினம் அதை இரண்டு தரம் வாசித்தாள். அவர் நோயாளி இல்லை. அவர் தொலைந்து போகவில்லை. விளையாட்டுப் பிள்ளைபோல அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவள்தான் இரக்கப்பட்டுக் கையை உதறிவிட்டாள். தன் வாழ்நாளில் தனக்காகவென்று ஒரு மனிதர் பிழை விட்டது இதுதான் முதல் தடவை. அந்தப் பிழைக்கும் சரி போட்டுவிட்டாளே, பாவி!

புள்ளியைத் திருத்த முடியுமா என்று கேட்டாள். பதிவேட்டில் ஏறிவிட்டது, ஏலாது என்றாள் லோஜினி. அவரைத் திரும்ப முதலாம் பாடத்தில் சேர்க்கலாமா? ஒருவருக்கு ஒருமுறைதான். விலாசம்? லோஜினி அலுமாரியை ஒருமுறை பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். விலாசம் கொடுத்தால் அவளுடைய வேலை போய்விடும். வீட்டில் அவளுடைய சம்பளத்தை நம்பி நோயாளித் தகப்பன் இருப்பது பாக்கியரத்தினத்துக்கும் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

ஆனால் திருப்பி வந்த சான்றிதழை மீண்டும் அனுப்பத்தானே வேண்டும். அதற்கு லோஜினி உறையில் விலாசம் எழுதத்தானே வேண்டும்.

பாக்கியரத்தினம் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தாள். இருபத்துநான்காம் பாடத்தில் ஒரு மூலையில் வருகிற மனிதன் ஒருவன் அவள் மனதில் வந்து நின்றான். தெர்தியு. பவுல் சொல்லச் சொல்ல அந்த நீண்ட கடிதத்தை எழுதிக்கொடுத்தவன் அவன். தெர்தியு என்றால் மூன்றாமவன் என்று பொருள். எண்ணையே பெயராகச் சுமந்தவன். அடிமையாக இருந்திருக்கலாம் என்று பாடம் சொல்லும். யார் யாரையோ விசாரித்து எழுதிக்கொண்டே வந்தவன், முடிவில் பொறுக்கமாட்டாமல், இதை எழுதிய நானும் உங்களை விசாரிக்கிறேன் என்று தன் பெயரைப் போட்டுவிட்டான். யாரும் அதை வெட்டவில்லை. அந்த ஒரு வரி இரண்டாயிரம் வருடமாக அப்படியே இருக்கிறது.

417இன் கடிதத்தின் அடியில் அவள் எழுதினாள். சிறிய எழுத்தில் இல்லை, பெரிய எழுத்தில். 'இதைத் திருத்திய நான் பாக்கியரத்தினம். என் பிழையை மன்னியுங்கள். நானும் உங்களை விசாரிக்கிறேன்.' அதற்குக் கீழே உவர்மலை வீட்டின் இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் எழுதினாள்.

லோஜினி வாசித்தாள். முத்திரைப் பெட்டியை மூடினாள், திறந்தாள்.

"அன்ரி, இதை அனுப்பினால் நான் பொறுப்பாளருக்குச் சொல்லத்தான் வேணும். சொன்னால் உங்களுக்கு இனிக் கட்டுத் தரமாட்டினம்."

"நீ சொல்ல வேண்டாம் பிள்ளை. நானே போய்ச் சொல்லுறன்."

"செவ்வாய், வெள்ளி என்ன செய்வியள்?"

பாக்கியரத்தினம் கடிதத்தை லோஜினியின் பக்கம் தள்ளினாள். மேசையில் பேனையை வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் திரும்ப எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். லோஜினி உறையில் விலாசத்தை எழுதும்போது அவள் வேண்டுமென்றே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

பொறுப்பாளர் நல்ல மனிதர். கோபிக்கவில்லை. விதி விதிதான் என்று வருத்தத்தோடு சொன்னார். பதினொரு வருடச் சேவைக்கு நன்றி கூறி அவளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார். அதற்கும் பொன்னிற ஓரம் இருந்தது.

பிறகு வந்தவைதான் உண்மையான தனிமை நாட்கள். செவ்வாய்க்கும் புதனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. காலையில் பத்து மணிக்குச் செருப்பைப் போடுவாள், எங்கே போக என்று நின்று, கழற்றுவாள். வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் கீழே உள்துறைமுகம் தெரியும். ஏதாவதொரு கப்பல் அசையாமல் நிற்கும். அதில் இருப்பவர்களுக்கும் வீட்டிலிருந்து கடிதம் வருமா என்று யோசிப்பாள். தபால்காரரின் மோட்டார் சைக்கிள் பதினொன்றரைக்கு ஒழுங்கைக்குள் திரும்பும். அந்தச் சத்தம் நெருங்கும்போது எழுந்து நிற்பாள். அது நிற்காமல் கடந்து போகும்போது, ஏதோ பூச்செடியைப் பார்க்க எழுந்தவள்போல இரண்டு இலையைக் கிள்ளிவிட்டு உட்காருவாள். செடி மொட்டையாகிக்கொண்டு வந்தது.

மூன்று கிழமை. நான்கு கிழமை. பெரிய எழுத்தில் எழுதியது தப்போ? எண்ணாக இருந்தவரை வந்த மனிதர், பெயரைக் கண்டதும் பயந்துவிட்டாரோ? அறுபத்துமூன்று வயதில் ஒரு பெண் விலாசம் எழுதி அனுப்புவது வெட்கக்கேடான காரியம்தானோ? ஐந்தாம் கிழமை அவள் வாசலில் கதிரை போடவில்லை. குசினியிலேயே இருந்தாள். குழாய் சொட்டியது.

மோட்டார் சைக்கிள் வந்தது. நின்றது. ஹோர்ண் ஒரு தடவை அடித்தது.

உறை தடிப்பாக இருந்தது. சாய்ந்த நீல எழுத்தில் முதல் தடவையாக அவளுடைய பெயர். கோடு போட்ட தாளில் இருபத்துநான்காம் பாடத்தின் கேள்விகள் எல்லாவற்றையும் கையால் பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதியிருந்தார். தர்சு. பெபேயாள். வீடுகளில். இருபதும் சரி. இருபத்தோராவது கேள்வியும் இந்தமுறை வெறுமையாக இல்லை.

'நான் தெர்தியுவைச் சந்திப்பேன். பெயருக்குப் பதிலாக இலக்கம் கொடுக்கிற பழக்கம் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது. ஊரார் சுகமெல்லாம் எழுதிய பிறகு, என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அந்த மனிசனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும். எனக்கு அது இல்லாமல் போனபடியால்தான் கந்தளாய், மூதூர் எல்லாம் எழுதினேன். இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தனான், பிந்தியதற்கு மன்னிக்கவும். பாலத்தால் பஸ்ஸில் வந்தால் உங்கட இடம் ஒரு மணித்தியாலமும் இல்லை. ஆனால் வரலாமோ எண்டு கேட்க இன்னும் துணிவு வரவில்லை. இப்போதைக்குத் திருத்தி அனுப்பினால் போதும். முருங்கையிலை போட்டுப் பார்த்தேன், நல்லாயிருந்தது. சோமசேகரம், ஆலங்கேணி.'

சோமசேகரம். பாக்கியரத்தினம் அந்தப் பெயரை வெறும் வீட்டுக்குள் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தாள். ஒவ்வொரு விடையாக வாசித்து, இருபதுக்கும் சரி போட்டாள். கண்ணீர் இரண்டு இடத்தில் மையைக் கலைத்தது. பிறகு தாளின் தலைப்பில், வட்டம் போட்டு, கவனமாக எழுதினாள்.

'59. கையெழுத்துச் சாய்ந்திருப்பதால் நாற்பத்தொரு புள்ளி குறைக்கப்பட்டது. சித்தியில்லை. மீண்டும் எழுதி அனுப்புக.'